கத்தரி படாத காகிதம்: என் சிகிரி-எ அனுபவம்

ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள கோச்சியில் வேலை பார்த்தபோது, வீட்டுக்கு அருகே நடந்த சிகிரி-எ வகுப்பில் சேர்ந்தேன். வாஷி என்ற கைக்காகிதத்தைக் கிழித்து ஒட்டியே படம் செய்யும் கலை இது. பெயிண்ட் கிடையாது, நிறமெல்லாம் தாளிலேயே இருக்கிறது.

முதல் நாள் பெர்சிமன் பழம். ஆசிரியை மெல்லிய தூரிகையைத் தண்ணீரில் தொட்டு, ஆரஞ்சுத் தாளின் மேல் பழத்தின் வடிவத்தைக் கோடாக இழுத்தார். ஈரம் ஊறட்டும் என்று சற்றுப் பொறுத்து, கோட்டின் இருபுறமும் விரல் வைத்து மெல்லப் பிரித்தார். விளிம்பு முழுக்க நார் நாராக நீட்டிக்கொண்டு வந்தது. ஒட்டும்போது அந்த நார்கள் அடித்தாளில் படிந்து, பழம் முடியும் இடமே தெரியாமல் கரைந்துவிட்டது. கத்தரியால் வெட்டினால் இது வரவே வராது. என்னைக் கேட்டால் சிகிரி-எயின் உயிரே இந்த நார்தான்.

அப்புறம்தான் அந்தத் தாள் எப்படி உருவாகிறது என்று பார்க்க இனோ ஊரின் காகித அருங்காட்சியகத்துக்குப் போனேன். கோஸோ என்ற முசுக்கொட்டை வகைச் செடியின் உட்பட்டையை வேகவைத்து, அடித்து, நாராக்குகிறார்கள். ஒரு நார் சுமார் 1 சென்டிமீட்டர் நீளம். மரக்கூழ் நாரைவிடப் பல மடங்கு. தொட்டியில் அவை திரண்டுவிடாமலிருக்கத் தொரோரோ-ஆவோய் வேரின் கொழகொழச் சாற்றைக் கலக்கிறார்கள். வெண்டைக்கு நெருங்கிய உறவுச் செடி அது. தொட்டுப் பார்த்தால் சந்தேகமே வராது! தொட்டியிலிருந்து நாரை அள்ளித் தாளாக்கும் சல்லடையை நானும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். தாள் ஒரே சீராக வரத் தனிப் பயிற்சி வேண்டும்.

நிழல் காட்ட தெங்குஜோ என்ற தாள் உண்டு. தடிமன் 0.03 மில்லிமீட்டர்தான். பழத்தின் ஒரு பக்கத்தில் பழுப்புத் தெங்குஜோவை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினோம். அடியிலிருந்த ஆரஞ்சு ஊடே தெரிந்து, பழம் தானாக உருண்டு திரண்டது. பழைய ஓவியங்களையும் சுவடிகளையும் செப்பனிடவும் இதே தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கிழித்த தாள் என்றதும் பலரும் ஜப்பானிய ஓவியர் கியோஷி யாமாஷிதாவை (1922–1971) சொல்வார்கள். 1950இல் அவர் செய்த நாகாவோக்கா நகரின் வாணவேடிக்கைப் படம் மலைக்க வைக்கும். ஆனால் அது பொடிப்பொடி வண்ணத்தாள்களின் வேலை. நார் தரும் மென்மையை அங்கே தேடக் கூடாது.

செய்து பார்க்க நினைப்பவர்கள் காசு போனாலும் கோஸோ தாளே வாங்குங்கள். பசையை நீர்க்கக் கரைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவுங்கள். உள்நோக்கித் தடவினால் நார் மடங்கிவிடும்.