புதுப்பிப்பு: பழைய கணினி அருங்காட்சியகத்துக்கு மகளுடன் போய் வந்தோம்

பழைய கணினிகளைத் தொட்டு இயக்கிப் பார்க்கும் அருங்காட்சியகத்தில் பத்து வயது மகளுக்குச் சலிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

பலித்தது, "விளையாட்டை விட்டுவிட்டு பேசிக் (BASIC) என்ற எளிய நிரல்மொழியில் இரண்டு வரி நிரல் எழுதச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான். 1981இல் வந்த பிபிசி மைக்ரோ கணினியில் 10 பிரிண்ட் என்று போட்டு மேற்கோள் குறிக்குள் தன் பெயரையும், அடுத்த வரியில் 20 கோடூ 10 (GOTO, அதாவது மறுபடி 10ஆம் வரிக்குப் போ) என்றும் அடித்தாள். திரை முழுக்க அவள் பெயர் ஓடியது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

எதிர்பாராத சிக்கல் 1982இன் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் வந்தது. பிரிண்ட் என்று எழுத்தெழுத்தாக அடித்தால் அது ஏற்காது. வரி எண்ணுக்குப் பிறகு 'பி' விசையை மட்டும் அழுத்தினால் முழுச் சொல்லும் தானே விழும், கோடூவுக்கு 'ஜி'. மேற்கோள் குறிக்கு சிம்பல் ஷிஃப்டுடன் மறுபடி 'பி'. அப்புறம், திரை நிரம்பியதும் நின்று 'ஸ்க்ரோல்?' என்று கேட்கும். பழுது இல்லை, ஒரு விசையைத் தட்டினால் தொடரும்.

கேசட்டிலிருந்து விளையாட்டு ஏற சில நிமிடங்கள் ஆகும். அந்தக் கீச்சொலியையும் திரையோரக் கோடுகளையும் அவள் ரசித்தே காத்திருந்தாள்.