கலைச்சொல்: உணவுக்குழாயில் இயோசினோபில் – ‘செஞ்சாயவணு’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இழை முழுவதையும் படித்த பிறகே எழுதுகிறேன். இயோசினோபில் என்ற வெள்ளையணுக்கள் உணவுக்குழாயில் சேர்ந்து அழற்சி உண்டாக்கும் நோய் ‘இயோசினோபிலிக் ஈசோபேஜைடிஸ்’. நோயாளிகளுக்கான கையேட்டில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் முதல் மடலின் கேள்வி. “உலகம் முழுவதும் வழங்கும் பெயரை அப்படியே எழுதிவிட்டால் போதாதா?” என்று மருத்துவ நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். போதாது என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் மொழிப்பற்று மட்டுமல்ல.

நான் திசுநோயியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு ஓர் அம்மா தம் பதினொரு வயது மகனின் திசு ஆய்வு முடிவை வாங்க வந்தார். பையன் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பானாம். சப்பாத்தியும் கறியும் என்றால் தட்டோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பானாம். அறிக்கையில் இருந்த முதல் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஈசினோபீலியாதானே ஐயா? சின்ன வயதில் இருமலுக்கு மாத்திரை கொடுத்தோமே, மறுபடியும் வந்துவிட்டதா?” என்று கேட்டார். பையில் ஒரு இன்ஹேலர் இருந்தது. இரண்டு வாரமாகப் பையன் அதை மூச்சோடு உள்ளிழுத்துக்கொண்டிருந்தான். இந்த நோய்க்கு அந்த மருந்தை வாயில் அடித்து விழுங்க வேண்டும். மூச்சில் இழுக்கக் கூடாது. விழுங்கிய பின் அரை மணி நேரமாவது ஒன்றும் உண்ணாமல், குடிக்காமல் இருந்தால்தான் மருந்து உணவுக்குழாயின் சுவரில் தங்கி வேலை செய்யும். இதை அவருக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. ‘ஈசினோபீலியா’ என்றால் இருமல், இன்ஹேலர் என்றால் இளைப்பு என்று அவராகவே இணைத்துக்கொண்டார்.

அவர்மீது தவறில்லை. யானைக்கால் புழுவின் இளம்புழுக்களுக்கு உடல் காட்டும் எதிர்வினையால் இரவில் இருமலும் இளைப்பும் வரும் நோய் நம் பக்கத்தில் நெடுங்காலமாக உண்டு. அதற்கு ஈசினோபீலியா என்ற பெயர் ஊர்ப்புறம்வரை வேரூன்றிவிட்டது. அதே ஒலியை உணவுக்குழாய் நோய்க்கும் வைத்தால், கேட்பவர் நுரையீரலைத்தான் நினைப்பார். ஒலிபெயர்ப்பு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி இயோசினோபில் என்ற அந்த அணுவின் பெயர். 1879-இல் பால் எர்லிக் இதற்குப் பெயர் வைத்தபோது, கண்ணால் கண்டதையே பெயராக்கினார். இயோசின் என்ற சாயத்தை இந்த அணுவின் துகள்கள் ஆவலாகப் பிடித்துக்கொள்கின்றன. இயோசின் அமிலச் சாயம். துகள்களில் இருப்பவை காரப் புரதங்கள். அதனால்தான் இந்த ஒட்டுதல். நுண்ணோக்கியில் பார்த்தால், நீலமாக இரு கதுப்பு உட்கரு, அதைச் சுற்றி மாதுளை முத்துகளை நெருக்கி அடைத்ததுபோல் செம்மை. ஒருமுறை பார்த்தவர் பிறகு அடையாளம் காணத் தவறமாட்டார்.

இழையில் வந்த சொற்களைப் பற்றி என் கருத்து இது. ‘இயோசின்நாடி’ (இயோசினை நாடுவது) இலக்கணப்படி சரி. ஆனால் மருத்துவத்தில் நாடி என்றதும் மணிக்கட்டில் விரல் வைப்பதுதான் நினைவுக்கு வரும். ‘இயோசின் ஏற்பி’யும் ஆகாது. அணுவின் மேற்பரப்பில் மருந்தைப் பிடிக்கும் மூலக்கூறுக்கு ஏற்பி என்று ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டோம். கிரேக்க விடியல் தேவதையின் பெயரிலிருந்து வந்த சாயம் என்பதால் ‘வைகறையணு’ என்று ஒரு தோழி முன்மொழிந்தார். அழகான சொல். ஆனால் சாயத்தின் கதை தெரியாதவருக்கு அது எதையும் சொல்லாது.

‘செம்மணி’ பலருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் செம்மணி யாழ்ப்பாணத்தில் ஓர் ஊர். மனிதப் புதைகுழியோடு நினைக்கப்படும் பெயர். அதை ஒரு நோயாளியின் கையேட்டில் அச்சிட எனக்கு மனம் வரவில்லை. ஈழத்து நண்பர் அதைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

என் முன்மொழிவு ‘செஞ்சாயவணு’. செஞ்சாயத்தைப் பிடிக்கும் அணு, அவ்வளவுதான். ‘செஞ்சாயணு’ என்று சுருக்கலாமே என்பார்கள். மரம், அடி சேர்ந்து மரவடி ஆவதுபோல் சாயம், அணு சேர்ந்தால் சாயவணுதான். சிவப்பணுவோடு குழம்பும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘செஞ்சாயவணு என்னும் வெள்ளையணு’ என்று எழுதிவிடலாம். இன்னொரு வசதியும் உண்டு: நீலச் சாயம் பிடிக்கும் பேசோபில் என்ற இன்னொரு வெள்ளையணுவை நீலச்சாயவணு என்று சொல்லலாம். ஒரு சொல்லுக்காகத் தொடங்கி ஒரு குடும்பமே கிடைக்கிறது.

நோயின் பெயரை உறுப்பை வைத்தே கட்ட வேண்டும். 2022-இல் பன்னாட்டு வல்லுநர்களும் இதையே செய்தார்கள். உணவுக்குழாய்க்குக் கீழே வருவதை எல்லாம் ‘காஸ்ட்ரோஎன்டரைடிஸ்’ (இரைப்பைக்குடல் அழற்சி) என்று ஒரே மூட்டையாகக் கட்டும் பழைய வழக்கத்தைத் தளர்த்தி, எந்த உறுப்பில் இருக்கிறதோ அந்த உறுப்பின் பெயரால் அழைக்கலாம் என்றார்கள். தமிழுக்கு இது மிகவும் இசைவானது. செஞ்சாயவணு உணவுக்குழாய் அழற்சி, செஞ்சாயவணு இரைப்பை அழற்சி, அதுபோலவே சிறுகுடலும் பெருங்குடலும். மொத்தத்துக்கு ‘உணவுப்பாதைச் செஞ்சாயவணு நோய்கள்’. ‘இரைப்பைக்குடல்’ என்று தொடங்கினால் உணவுக்குழாய் வெளியே நின்றுவிடும்.

உறுப்பைச் சொல்வதில் ஒரு மருத்துவக் காரணமும் இருக்கிறது. இரைப்பையிலும் குடலிலும் செஞ்சாயவணுக்கள் இயல்பாகவே ஓரளவு இருக்கும். உணவுக்குழாயின் உட்படலத்தில் இருக்கவே கூடாது. அங்கே நுண்ணோக்கியின் ஓர் உயர் உருப்பெருக்கப் புலத்தில் (நன்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரே பார்வையில் தெரியும் பரப்பில்) 15 அல்லது அதற்கு மேல் எண்ணினால்தான் இந்த நோயை நினைக்கிறோம். அமிலம் எதுக்களிப்பது போன்ற வேறு காரணங்களையும் பார்த்துவிட்டே முடிவு செய்கிறோம். குழாய் வெளிப்பார்வைக்கு இயல்பாக இருந்தாலும் பல இடங்களில் திசு எடுக்கச் சொல்வது இதனால்தான். அணுக்கள் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

“உணவுக்குழாய் ஒவ்வாமை என்றால் எல்லாருக்கும் புரியுமே” என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஒவ்வாமை என்றதும் இறால் தின்றவுடன் தடிப்பது நினைவுக்கு வரும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு ஓடுவார்கள். இந்த நோயைத் தூண்டும் உணவை அந்தச் சோதனை நம்பகமாகக் காட்டுவதில்லை. உணவை நிறுத்தி, மீண்டும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் திசு எடுத்துப் பார்ப்பதே வழி. ஆகவே அழற்சியே இருக்கட்டும்.

அந்த நிறுத்தும் முறைக்கு ‘நீக்க உணவுத்திட்டம்’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். பத்தியம் என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்? பால், கோதுமை, முட்டை, சோயா, கடலையும் கொட்டைகளும், மீனும் கடலுணவும் ஆகிய ஆறையும் விலக்குவது ‘ஆறுணவுப் பத்தியம்’. பாலை மட்டும் விலக்கினாலே பலருக்குப் பலன் கிடைக்கிறது என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதைப் ‘பால் பத்தியம்’ என்று எழுதிவிடாதீர்கள், பாலை மட்டும் குடிப்பார்கள்! ‘பால்விலக்குப் பத்தியம்’ என்பதே சரி. கையேட்டில் தயிர், மோர், நெய், காப்பி எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். கோதுமைக்குக் கீழே கூட்டுப் பெருங்காயத்தையும் சேருங்கள். அதில் மைதா கலப்பது வழக்கம். சோறு உண்ணும் வீட்டில் யாரும் அதைக் கோதுமை என்று நினைக்கமாட்டார்கள். விலக்கியதை மீண்டும் சேர்ப்பதற்கு ‘மறுபத்தியம்’ வேண்டாம், சித்த மருத்துவத்தில் அதற்கு வேறு பொருள் உண்டு. ‘மீள்சேர்ப்பு’ போதும்.

இன்னும் ஒன்று. விழுங்கிய உணவு குழாயில் சிக்கிக்கொள்வதை ‘நெஞ்சடைப்பு’ என்று எழுதியிருந்த வரைவைத் திருத்த வேண்டும். படிப்பவர் மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்வார். ‘கவள அடைப்பு’ என்றால் ஐயமே இல்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. உங்கள் பாடநூல்களில் உணவுக்குழாய்க்குக் ‘களம்’ என்ற சொல் வழங்குகிறது. கையேடு உங்கள் பக்கமும் போகும் என்றால், ‘உணவுக்குழாய் (களம்)’ என்று முதல் பக்கத்தில் போட்டால் போதுமா, அல்லது உங்களுக்குத் தனிப்பதிப்பு வேண்டுமா? உங்கள் பதில் வந்த பின் சொற்பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஆய்வக நண்பன்