சுவரில் படிவா, சுவருக்குள் படிவா?

கிளிநொச்சியிலிருந்து, துண்டுப்பிரசுரம் மொழிபெயர்ப்பவர்

வணக்கம். மூளை நாடிகளை எம்.ஆர்.ஐ. ஸ்கானில் பார்த்துப் பாரிசவாத ஆபத்தைக் கணிப்பது பற்றிய பிரசுரம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'பிளாக்' (plaque, நாடி நோயில் சேரும் கொழுப்புத் திரள்) என்ற ஒரு சொல்லில் நிற்கிறேன். 'கொழுப்புப் படிவு' என்று எழுதி, கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். "என்ன படிவம் பிள்ளை, விதானையாரிட்டக் கையெழுத்து வாங்கவேணுமோ?" என்றார். 2009க்குப் பிறகு எங்கள் சனம் நிரப்பிய படிவங்களை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு சொல் தாருங்கள்.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

தங்கச்சி, 'பொருக்கு' என்று போடுங்கோ. கிணற்றுத் தண்ணீர் கொதிக்கிற கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அது. இங்கே விளங்காத ஆள் இல்லை.

முல்லைத்தீவிலிருந்து, எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவர்

சேர், கேத்தலில் பொருக்கு மேலே ஒட்டுகிறது, சுரண்டலாம். இது ஒட்டிய சாமான் அல்ல. நாடிச் சுவருக்கு மூன்று படை. உட்படைக்குள்ளே கொழுப்பும் அழற்சிக் கலங்களும் சேர்ந்து, அதை நாரால் ஆன ஒரு மூடி மறைத்திருக்கும். சாதாரண அஞ்சியோகிராம் குருதி ஓடும் வழியை மட்டுந்தான் காட்டும். சுவர் வெளிப்பக்கமாகப் பருத்தால் வழி ஒடுங்காது. படம் சுத்தமாக இருக்கும், நோய் சுவருக்குள் இருக்கும். அதனால்தான் சுவரையே படமெடுக்கிறார்கள். ஓடும் குருதியைக் கறுப்பாக்கினால் சுவர் தனியாகத் தெரியும். நடு மூளை நாடியே ஏறத்தாழ 3 மி.மீ. அகலம், எனவே பெரும்பாலும் 3 டெஸ்லா காந்தப்புலம் உள்ள இயந்திரம் வேண்டும். படத்தில் வேறுபடுத்திக் காட்டும் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றிய பின் அந்த இடம் பளிச்சென்று வந்தாலோ, உள்ளே குருதிக் கசிவு தெரிந்தாலோ, அதைச் சும்மா கிடக்கும் தடிப்பென்று விட மாட்டார்கள். மண்டைக்குள் இருக்கும் நாடிகளில் இந்த நோய் ஐரோப்பியரைவிட ஆசியரிடம் அதிகம். சொல் 'மேலே' என்று சொன்னால் பிரசுரமே பிழை.

சென்னையிலிருந்து

நாடி என்றால் துடிப்பு அல்லவா? 'தமனி' என்று திருத்துங்கள்.

கிளிநொச்சி

இங்கே பாடப்புத்தகத்தில் நாடி, நாளம். தமனி என்றால் யாருக்கும் தெரியாது. இரண்டும் வடமொழிதான், இதில் தூய்மை எங்கே பார்ப்பது? (நாடி என்றதும் நாடியைத் தொட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. 'மூளை நாடி' என்றால் அது தீரும்.)

மன்னாரிலிருந்து, தமிழாசிரியர்

வேரைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'அதீரே' என்றால் கூழ். 1904இல் ஜெர்மன் நோயியலாளர் பெலிக்ஸ் மார்ஷாண்ட் கூழையும் இறுக்கத்தையும் சேர்த்துத்தான் இந்த நோய்க்கு அதரோஸ்கிளிரோசிஸ் என்று பெயர் வைத்தார். உள்ளே கூழ்போல் இருக்கும் பொருளைப் பார்த்தே வந்த பெயர். ஆகவே நமக்கு 'சுவர்க்கூழ்'. குறளில் அரசனுக்குரிய ஆறில் கூழும் ஒன்று, அங்கே அது உணவு, செல்வம். குழை, குழம்பு, குழைவு எல்லாம் இதற்கு உறவு என்பது என் துணிபு. 'பிளாக்' பிரெஞ்சில் தகடு. தகட்டைவிடக் கூழ் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது.

வவுனியா

ஆசிரியர் ஐயா, ஆடிப்பிறப்புக்குக் கூழ் குடிக்கிற சனத்திடம் இதைக் கொடுத்தால், அடுத்த ஆடிக்குப் பானை அடுப்பில் ஏறாது.

முல்லைத்தீவு

ஒடியல் கூழ் என்றால் எங்கள் பக்கத்து நண்டு போட வேண்டும். சரி, அது வேறு கதை.

மன்னார்

சிரிக்கலாம். அப்படியானால் 'உட்படிவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் + படிவு, புணர்ச்சி சுத்தம். நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு 'இல்', 'உள்' இரண்டையுமே தருகிறது. 'சுவரில்' என்பதற்கும் 'சுவருள்' என்பதற்கும் பொருளில் இவ்வளவு தூரம் வரும் இடத்தை நான் இதுவரை கண்டதில்லை.

கிளிநொச்சி

உட்படிவை இன்று அதே அம்மாவிடம் காட்டினேன். "ஆருக்கு உட்படுறது?" என்றார்.

முல்லைத்தீவு

சொல்லை விடுங்கள். 'சுவருக்குள் சேர்ந்த கொழுப்பு' என்று விளக்கமாகவே போகட்டும். 'படி' என்ற வேரே வேண்டாம், அது மேலிருந்து வந்து கீழே இருப்பது, குளத்தில் வண்டல் மாதிரி.

வவுனியா

எனக்குச் சம்மதம். களைத்துப்போனேன்.

சென்னை

தமனிச் சுவருக்குள் என்றால் நானும் சம்மதம்.

மன்னார்

நான் சம்மதிக்கவில்லை. 'சேர்ந்த' பெயரெச்சம். அதை வைத்து விளக்கம் எழுதலாம், கலைச்சொல் ஆகாது. நாளைக்கு ஒரு பிள்ளை 'பிளாக்கின் மூடி கிழிந்தது' என்று எழுத வேண்டி வந்தால், 'சுவருக்குள் சேர்ந்த கொழுப்பின் மூடி' என்றா எழுதும்?

கிளிநொச்சி

அந்த வசனம் நான்காம் பக்கத்தில் இருக்கிறது, ஐயா. அங்கே 'பிளாக்' என்றே விட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.