அணுமின் நிலைய இடத்தெரிவு: தெரிந்த ஆக்கள் கொஞ்சம் உதவுங்கோ

வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு விவாதம் வைக்கிறோம். இலங்கைக்கு அணுமின் நிலையம் தேவையா, தேவையென்றால் எங்கே? குறிப்புத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில்.

சர்வதேச அணுசக்தி முகவரகம் சட்டம், நிதி, ஆளணி, கழிவு என்று 19 விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது. அதுவரை சரி. மின்வலையமைப்பில்தான் இடிக்கிறது. ஒரு தனி உலை மொத்த வலையமைப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பார்கள். கூடங்குளத்தில் இருப்பது போன்ற 1,000 மெகாவாற் உலை இங்கே ஓடி, திடீரென்று நின்றால் நாடே இருட்டு. சிறிய உலைகள் பற்றி எளிமையாக விளக்கக்கூடிய பொறியியலாளர்கள் இருக்கிறீர்களா?

இடம் என்றதும் பிள்ளைகள் வடமராட்சி கிழக்கைக் காட்டுகிறார்கள், கடல் பக்கத்தில் இருக்கிறதாம்! 2004 சுனாமி அங்கேயிருக்கும் மணற்காடு கிராமத்துக்குள் புகுந்தது அவர்கள் பிறக்கமுன் நடந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறும் இல்லை. குடிக்கவும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நீர்தான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. உலையில் கசிவு வந்தால் அது நிலத்தடி நீரில் கலக்குமே; இந்தக் கல்லில் வெடிப்பு வழியே நீர் எவ்வளவு வேகமாக ஓடும் என்று சொல்ல ஒரு புவியியல் ஆசிரியர் கட்டாயம் வேணும்.

கல்பாக்கம், கூடங்குளம் பக்கம் வேலை செய்த உறவுகள் இருந்தாலும் உள்பெட்டியில் எழுதுங்கோ. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கதைக்கலாம்.