ஸ்டுடியோ வேலைய விட்டுட்டு முழு ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபரா இறங்கலாமா?

திண்டுக்கல் கேமராக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல ஒரு ஸ்டுடியோல நாலு வருஷமா கேண்டிட் (போஸ் குடுக்க சொல்லாம இயல்பா எடுக்கிற படம்) எடுத்துட்டிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, திரும்பவும் கல்யாணம். ஆடி பொறந்தா "கூப்பிடுறேன் தம்பி"ம்பார் ஓனர், அதோட சரி, புரட்டாசியும் மார்கழியும் அதே கதைதான். இப்ப வெளிய ரெண்டு வேலை தானா வந்திருக்கு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு கேட்லாக், தூத்துக்குடி உப்பளத்துல ஒரு தொண்டு நிறுவனத்தோட ரிப்போர்ட்டுக்கு ரெண்டு நாள். இது போக குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு போகணும்னு ரொம்ப நாள் ஆசை, அதுக்கு யாரும் காசு தரப்போறதில்ல. ரேட் எப்படி சொல்றது, போக்குவரத்து செலவ யார் தலைல கட்டுறது, இப்படி கண்டதையும் எடுத்தா எதுலயும் கெட்டி இல்லாதவன்னு பேர் வந்திருமா? கைல ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா பாடி, 35 எம்எம், 85 எம்எம் லென்ஸ் மட்டும்தான்.

நெல்லை ஃப்ரேம்ஸ்:
தம்பி நான் ஸ்டுடியோவ விட்டு வெளிய வந்து பதினோரு வருஷம் ஆச்சு. பேர் கெட்டுப்போகும்ங்கிற பயத்த முதல்ல விடு, இந்தப் பக்கம் ஒரே மாதிரி வேலைய வச்சு வருஷம் முழுக்க ஓட்டுறவங்க ரொம்ப கம்மி. எனக்கு வாடகை கட்டுறது ஜவுளி, நகை, ஓட்டல் மெனு இதெல்லாம்தான், ஆனா அந்த ஓட்டல்காரர் என்னை கூப்பிட்டதே நான் சும்மா போய் எடுத்த ஒரு ஜல்லிக்கட்டு படத்த பாத்துட்டுதான். அவர் பரோட்டாவுக்கும் அலங்காநல்லூருக்கும் என்ன சம்பந்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு புரியல.

திருப்பூர் வேலைய லேசா நினைக்காத. அங்க அழகு ரெண்டாம்பட்சம், கலர்தான் முக்கியம். துணி கலர் கொஞ்சம் மாறினாலும் மொத்தமும் திரும்பி வரும், அதனால க்ரே கார்டு (கலர் சரிபாக்குற சாம்பல் அட்டை) இல்லாம போகாத, ஷெட்ல இருக்கிற ட்யூப் லைட்டையும் உன் லைட்டையும் கலக்காத, அடர் சிவப்பு துணில இழை தெரியாம ஒரே திட்டா போயிரும், அத அங்கயே ஜூம் பண்ணி பாத்துக்க. ரேட்ட பீஸ் கணக்குல பேசு, நாள் கணக்குல பேசினா ராத்திரி பதினோரு மணிக்கு "இன்னும் நாப்பது பீஸ்தான் தம்பி"ன்னு வந்து நிப்பாங்க.

உப்பளத்துக்கு முதல்ல தேதிய கேளு. ஐப்பசி கார்த்திகை மழை இறங்கிட்டா பாத்தில வேலையே இருக்காது, வெறும் தண்ணியத்தான் எடுத்துட்டு வரணும். விடியுறதுக்கு முன்னாடியே அங்க இருக்கணும், வெயில் ஏறினா வெள்ளை கண்ண கூசும், கேமரா மீட்டரும் ஏமாந்துபோய் உப்ப சாம்பல் கலர்ல காட்டும், எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்த ஒரு மடங்கு, கூட்டி வை. லென்ஸ அங்க மாத்தவே மாத்தாத, வந்ததும் ஈரத்துணியால பாடிய துடை. அப்புறம் அங்க உப்பு வாருற அம்மாக்கள்கிட்ட பேசாம கேமராவ தூக்காத, கால்ல புண்ணோட வேலை பாக்குறவங்க, நாம ரெண்டு நாள் வெயில்ல நின்னுட்டு வீட்டுக்கு வந்துருவோம்.

செலவ ஃபீஸோட சேக்கவே சேக்காத. பஸ், ரூம், சாப்பாடு எல்லாத்தையும் பில்லுல தனியா எழுது. போற நாளும் வர்ற நாளும் பாதி ரேட்டாவது போடு, எடிட்டிங் தனி. பாதி அட்வான்ஸ் கைக்கு வராம பைய கட்டாத.

கோவை லைட்பாக்ஸ்:
ரேட்ட விட முக்கியமான ஒண்ண எல்லாரும் மறந்துடுறாங்க. 1957 காப்பிரைட் சட்டத்துல 17வது பிரிவ படிச்சு பாருங்க, காசு வாங்கிட்டு ஒருத்தர் சொல்லி எடுத்த போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லேன்னா, காசு குடுத்தவர்தான் முதல் உரிமையாளர். நான் எடுத்தேன், அதனால என்னோடதுன்னு நானும் நம்பிட்டு இருந்தேன். ஒரு கம்பெனிக்கு ப்ரோஷருக்குன்னு எடுத்து குடுத்தேன், அடுத்த வருஷம் அதே படம் ரோட்டோரம் ஹோர்டிங்ல நிக்குது, போன் பண்ணி கேட்டா "நாங்கதான் பே பண்ணிட்டோமே மேடம்". வாதாட கைல ஒரு துண்டு பேப்பர் இல்ல. இப்ப எதுக்கு, எத்தன வருஷத்துக்கு, என் போர்ட்ஃபோலியோல போடலாமா, எல்லாம் ஒரு மெயில்ல எழுதி "ஓகே"ன்னு பதில் வந்த பிறகுதான் கிளம்புறேன்.

நீங்க கேட்ட குலசை மாதிரி எனக்கு தெய்யம், கேரளாவுல வேஷம் கட்டி சாமியா ஆடுறது. கண்ணூர் பக்கம் ஐப்பசில ஆரம்பிச்சா மே கடைசி வரைக்கும் ஏதாவது ஒரு காவுல (சின்ன கோயில்ல) நடந்துட்டே இருக்கும், மூணு வருஷமா முகூர்த்தம் இல்லாத நாளா பாத்து ட்ரெயின் ஏறிடுவேன். தீவட்டி வெளிச்சம் மட்டும்தான், ஃப்ளாஷ் போடக்கூடாது, ஐஎஸ்ஓ 6400ல படத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் வந்தா வரட்டும்னு விட்டுடணும். அதுல இதுவரைக்கும் பத்து பைசா வரல. ஆனா கல்யாண ரிசப்ஷன்ல எல்இடி வால் முன்னாடி கோடு கோடா வர்றப்ப ஷட்டர எவ்வளவு இறக்கலாம், கை ஆடாம எப்படி நிக்கணும்னு பழகினது அந்த இருட்டுலதான்.

வைகைக்கரை:
அண்ணன் அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனா ப்ரோ, வீட்டு இஎம்ஐ இருந்தா ஒரே நாள்ல விடாதீங்க. நான் சித்திரைல ரிசைன் பண்ணேன், ஆடில லென்ஸ வித்தேன். அவ்ளோதான் என் கதை. ஆறு மாச செலவு பேங்க்ல இருக்கட்டும். கம்பெனிக்காரங்க வருமான வரிக்குன்னு முன்கூட்டியே பிடிக்கிற டிடிஎஸ்ஸ, உங்களுக்கு வரி அவ்ளோ வராதுன்னா, ரிட்டர்ன் ஃபைல் பண்ணி திரும்ப வாங்குங்க, நான் ரெண்டு வருஷம் அது போன காசுன்னே நினைச்சுட்டு இருந்தேன். அப்புறம் ஃப்ளைட்ல போனா ஸ்பேர் பேட்டரிய செக்-இன் பெட்டில வைக்காதீங்க, கைப்பைலதான் வரணும்.

திண்டுக்கல் கேமராக்காரன்:
ரொம்ப நன்றி. இஎம்ஐ இல்ல, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் இருக்கு. அதனால தைக்கு முன்னாடி ஸ்டுடியோவ விடல, திருப்பூர மட்டும் இந்த ஆடிலயே முடிச்சுடுறேன். நெல்லை அண்ணா, குலசைக்கு சூரசம்ஹாரத்தன்னைக்கு வந்தா போதுமா?

நெல்லை ஃப்ரேம்ஸ்:
அன்னைக்கு மட்டும் வந்தா கடற்கரைல லட்சக்கணக்கான தலைக்கு நடுவுல யாரோ ஒருத்தர் முதுகத்தான் எடுப்ப. நாலஞ்சு நாள் முன்னாடியே வா. காப்பு கட்டி வேஷம் போட்டவங்க ஊர் ஊரா காணிக்கை பிரிச்சுட்டு வருவாங்க, படம் அங்கதான் இருக்கு. ஒரு ஆள் காளி வேஷத்துக்கு மூஞ்சில சாயம் பூசி, சடைமுடி வச்சு, கிரீடம் தூக்கி வைக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திரு, அதுக்கு உன் 35 போதும். வேஷம் கட்டினப்புறம் அவர "அண்ணே"ன்னு கூப்பிட்டுறாத, "அம்மா"ன்னு சொல்லி கேட்டுட்டு எடு. கடற்கரைக்கு போறப்ப பைல ரெண்டு பிளாஸ்டிக் கவர் வச்சுக்க, உப்புக்காத்தும் மணலும் சேந்து அடிக்கும். ரூம் தேடி அலையாத, திருச்செந்தூர் வரைக்கும் எல்லாம் ஃபுல்லாத்தான் இருக்கும், நேரா நம்ம வீட்டுக்கு வந்துரு.