கரி இன்ஜின் காலத்து ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா? (விழுப்புரம் – பாண்டி, விழுப்புரம் – கடலூர் லைன்)

முதுநகர்வாசி:
நம்ம லைன் மீட்டர் கேஜா இருந்தப்போ ஓடுன ஒய்பி, ஒய்ஜி இன்ஜின் ஞாபகம் இருக்கறவங்க எழுதுங்க. எங்க பெரிய மாமா விழுப்புரம் லோகோ ஷெட்ல ஃபயர்மேன். ஒய்பி பாசஞ்சர், எக்ஸ்பிரஸ்க்கு, ஆறு பெரிய சக்கரம், ஒய்ஜி கூட்ஸுக்கு, எட்டு சக்கரம், இழுவை ஜாஸ்தி. கரியை சும்மா அள்ளிக் கொட்டுனா ஆகாது, மூலை மூலையா பரப்பணும், இல்லன்னா ஸ்டீம் இறங்கிடும், அதுக்கு நடுவுல ஒரு கண்ணு தண்ணி மட்டம் காட்டற கேஜ் கிளாஸ்லயே இருக்கணும், பாய்லர்ல தண்ணி குறைஞ்சு ஃபயர்பாக்ஸ் (கரி எரியற பெட்டி) தலை காஞ்சுதுன்னா அதுல இருக்கற ஈயப் பிளக் உருகி நீராவி நெருப்பு மேலயே கொட்டும், அது நடந்தா வேலைக்கே ஆபத்துன்னு மாமா கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லுவாரு.

வில்லியனூர் அக்கா:
ஃபயர்மேன் கஷ்டம் இருக்கட்டும், எங்க கஷ்டம்? பாண்டி காலேஜுக்கு வெள்ளை தாவணியில ஏறுனா இறங்கும்போது புள்ளி போட்ட தாவணி! ஜன்னலோரம் கிடைச்சா இன்ஜினுக்கு அடுத்த பெட்டியான்னு பாத்துட்டு உக்காரணும், கண்ணுல கரித்தூள் விழுந்தா அன்னிக்கு கிளாஸ் அவ்ளோதான். 1879ல பிரெஞ்சுக்காரங்க காலத்துல வந்த லைனுங்க இந்த விழுப்புரம் – பாண்டி, 40 கிலோமீட்டர்கூட வராது.

பாண்டி ரயில்பித்தன்:
நான் டீசல் காலத்துப் பையன், எழும்பூர்ல இஐஆர் 21ங்கற பழைய ஸ்டீம் இன்ஜினை ஓட்டுனப்போ போய்ப் பாத்தேன். 1855ல இங்கிலாந்து லீட்ஸ்ல செஞ்சது, ஃபேரி குயின்ங்கற பழைய இன்ஜினுக்கு கூடப்பொறந்தது. நூறு வருஷம் காட்சிக்கு நின்னதை 2010ல பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல சரி பண்ணி ஓடவிட்டாங்க. பக்கத்துல ஒருத்தர் "பாதி பார்ட்ஸ் புதுசு, இதைப் போயி பழசுங்கறாங்க"ன்னாரு, எனக்கு சப்புன்னு ஆயிடுச்சு.

ரிட்டயர்டு ஃபிட்டர்:
தம்பி, அந்த ஆளு ஷெட் பக்கமே வந்திருக்க மாட்டாரு. ஓடுன காலத்துலயே எந்த இன்ஜின் ஒரே பாய்லரோட இருந்துச்சு? ஓவர்ஹாலுக்கு வந்தா பாய்லரை இறக்கிட்டு ரெடியா இருக்கற வேறொண்ணை மாட்டி அனுப்பிடுவோம், டியூப் தேஞ்சா மாத்துவோம், வாஷ்அவுட் (பாய்லரைக் கழுவற) அன்னிக்கு கழுவற ஓட்டைங்க மூடியெல்லாம் கழட்டி தண்ணி அடிச்சா உள்ளேர்ந்து உப்புச் செதில் செதிலா வரும், நம்ம பக்கத்துத் தண்ணி தெரியுமே. ஸ்டேஷன் வாசல்ல மேடை கட்டி வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கறாங்களே, பாய்லர் மேல போத்துன தகட்டுக்குள்ள மழைத்தண்ணி நின்னு அரிக்கறதை யாரு பாக்கறா? அதைவிட பார்ட்ஸ் மாத்தி நெருப்பு வெச்சு ஓட்டறது எவ்வளவோ தேவலை. திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்புல ஊட்டி ரயிலுக்கு எக்ஸ் கிளாஸ்ங்கற ஸ்டீம் இன்ஜினை முழுசா புதுசாவே கட்டிட்டாங்க, பழைய சுவிஸ் டிசைன்தான். அந்த வேலை தெரிஞ்ச கை அங்க இன்னும் இருக்குல்ல, எனக்கு அது போதும்.

பாண்டி ரயில்பித்தன்:
அப்ப ஊட்டி போனா முழுக்க ஸ்டீம்தானா சார்?

ரிட்டயர்டு ஃபிட்டர்:
இல்லப்பா. மேட்டுப்பாளையம் – குன்னூர்தான் ஸ்டீம், பல்சக்கர ரூட்டு, இன்ஜின் பின்னாடி நின்னு தள்ளும். குன்னூருக்கு மேல டீசல். ஸ்டீம் இன்ஜின்லயும் ஆயில்ல எரியறது இருக்கு, எல்லாமே கரி இன்ஜின்னு நெனச்சுக்காத. டிக்கெட்டை முன்கூட்டியே போடு, சீசன்ல கிடைக்கவே கிடைக்காது.