கவுஸ்லிப் பூவை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

சர்ரே, இங்கிலாந்து

இங்கிலாந்துக்கு வந்து பதினோரு வருடம் கழித்துத்தான் கவுஸ்லிப்பைக் குனிந்து பார்த்தேன். அதுவரை ரயிலில் போகும்போது சரிவுகளில் தெரிகிற மஞ்சள், அவ்வளவுதான். போன ஞாயிறு மகளோடு பாக்ஸ் ஹில் பக்கம் நடக்கப் போனோம். சுண்ணாம்புப் பாறை மேல் மெல்லிய மண், குட்டைப் புல். அதற்கு நடுவே சாண் உயரத் தண்டுகள். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் பத்துப் பதினைந்து பூக்கள், எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்துத் தொங்குகின்றன. வெளிர்பச்சைப் புல்லிவட்டம் சுருக்குப்பை மாதிரி உப்பியிருக்கிறது. அதன் வாயிலிருந்து சின்ன மஞ்சள் கிண்ணம் எட்டிப் பார்க்கிறது. கிண்ணத்துக்குள் ஐந்து ஆரஞ்சுப் பொட்டு. மூக்கை அருகே கொண்டுபோனால் ஆப்ரிகாட் பழ வாசம்.

ஒரு சந்தேகம். மகள்தான் கவனித்தாள். ஒரு செடியின் பூக்களில் வாய் நடுவே பச்சையாக ஒரு சின்ன மணி தெரிகிறது. பக்கத்துச் செடியில் அந்த மணியே இல்லை, ஐந்து தூள் முனைகள்தான். ஒரே சரிவு, ஒரே இலை. நோயா, வேறு இனமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

நார்த்தாம்ப்டன்ஷயர், இங்கிலாந்து

எங்கள் மாவட்டப் பூவே இதுதான் அண்ணா. உங்கள் சர்ரேக்கும் வொர்ஸ்டர்ஷயருக்கும்கூட இதுதான்.

நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே தொண்ணூறைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருந்தார். பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. ஒரு மே மாதம் தோட்டத்திலிருந்து நாலு கவுஸ்லிப் தண்டைச் சின்னக் கிளாசில் வைத்துக் கொண்டுபோனேன். பாட்டி அதைப் பார்த்ததும் தண்டைக் கிள்ளிவிட்டு, பூக்கொத்தை என் விரல் மேல் கவிழ்த்துப் போட்டார். "நூல் இருக்கா?" என்றார். அவருடைய சிறுவயதில் பெண்பிள்ளைகள் ஒரு நூலில் பூக்கொத்துகளை வரிசையாகக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, இரண்டு முனையையும் இழுத்து முடிவார்களாம். உருண்டையான பூப்பந்து கிடைக்கும். அதைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி பையன்கள் பெயரை வரிசையாகச் சொல்வார்கள். எந்தப் பெயரில் பந்து கீழே விழுகிறதோ, அவன்தான் மாப்பிள்ளை! பூத் தொடுத்தே வளர்ந்தவள் நான். என் கையும் அவர் கையும் ஒரே வேலையைச் செய்தபோது கண் கலங்கிவிட்டது.

ஒயினும் போடுவார்களாம். பச்சைப் பகுதியைத் தள்ளிவிட்டு மஞ்சள் இதழ்க்குழாயை மட்டும் உருவி எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் வேலை. வாளி வாளியாகத் தேவைப்படும். இன்று அப்படிப் பறிக்க முடியுமா? அவர் பறித்த புல்வெளியை உழுதுவிட்டார்கள். 1930களிலிருந்து 1980களுக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூ நிறைந்த பழைய புல்வெளிகளில் சுமார் 97 சதவீதம் போய்விட்டது. உழவு, ரசாயன உரம், மறுவிதைப்பு என்று எல்லாம் சேர்ந்து முடித்துவிட்டன.

ஷெஃபீல்ட், இங்கிலாந்து

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் அனுபவம் உதவட்டும். முதல் தடவை ஏப்ரலில் விதை வாங்கி, வீட்டுக்குள் வெதுவெதுப்பான ஜன்னலோரம் வைத்தேன். மேலே அரை அங்குலம் மண்ணும் போட்டு மூடினேன். ஒரு முளைகூட வரவில்லை. இரண்டுமே தவறு. இந்த விதைக்குக் குளிர் பட வேண்டும், வெளிச்சமும் வேண்டும். அடுத்த முறை இலையுதிர் காலத்தில் தட்டில் மண்ணைச் சமன் செய்து, விதையை மேலாகத் தூவி லேசாக அழுத்திவிட்டு வெளியே வைத்தேன். பனியெல்லாம் அதன் மேலேயே பெய்தது. வசந்தத்தில் கடுகளவு இலைகள் எட்டிப் பார்த்தன. பூக்க அடுத்த வருடம் ஆனது. பொறுமை வேண்டும்.

புல்தரைக்கு மாற்றிய பிறகு இன்னொரு தவறு செய்தேன். பூ வாடியதும் ஜூன் முதல் வாரமே புல் வெட்டும் மெஷினை ஓட்டிவிட்டேன். காயெல்லாம் பச்சையாகவே போயிற்று. காய் பழுப்பாகி, அசைத்தால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஜூலை நடு வரையாவது காத்திருங்கள். அதற்குப் பிறகு வெட்டினால் விதை தானே கொட்டிப் பரவும். உரம் போடவே போடாதீர்கள். மண் வளமானால் புல் ஓங்கி இதை அமுக்கிவிடும். வடிகால் நல்லதாக இருக்க வேண்டும், சுண்ணாம்பு கலந்த மண் என்றால் இன்னும் நல்லது.

இன்னொன்று. ஒரு கடையில் கவுஸ்லிப் என்று வாங்கிய பாக்கெட்டில் பாதிச் செடி செம்பருத்தி நிறத்தில் பூத்தது. தோட்டத்துக்கென்று உருவாக்கிய ரகம் அது. அழகுதான், ஆனால் காட்டுச் செடிகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நடாதீர்கள், கலந்துவிடும். காட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வருவதும் கூடவே கூடாது. நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் பிடுங்குவது 1981 சட்டப்படி குற்றம்.

சஃபோக், இங்கிலாந்து

கலப்பு பற்றிச் சொன்னது சரி. கவுஸ்லிப்பின் நெருங்கிய உறவுச் செடியான பிரிம்ரோஸ் பக்கத்தில் இருந்தால் கலப்பினம் தானாகவே வரும். பலர் அதைப் பார்த்து ஆக்ஸ்லிப் என்று நினைத்துவிடுகிறார்கள். அசல் ஆக்ஸ்லிப் வேறு இனம். இந்த நாட்டில் கிழக்குப் பகுதியின் களிமண் காடுகளில்தான் இருக்கிறது. பிராட்ஃபீல்டு காட்டில் பார்த்தேன். வெளிறிய மஞ்சள், பூ பெரிது, கவுஸ்லிப்பின் ஆரஞ்சுப் பொட்டுகள் இல்லை. பிரிம்ரோஸில் ஒவ்வொரு காம்பிலும் ஒற்றைப் பூ. இலையைப் பார்த்தும் சொல்லலாம்: பிரிம்ரோஸ் இலை காம்பு நோக்கி மெல்ல மெல்லக் குறுகும், கவுஸ்லிப் இலை சட்டென்று குறுகும்.

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

இங்கே இதுக்குச் சாவிப்பூ எண்டு பேர். தொங்குற பூக்கள் சாவிக்கொத்து மாதிரி இருக்குதுதானே. புனித பேதுருவின்ர கையிலிருந்து பரலோகத்துச் சாவி விழுந்த இடத்தில முளைச்சதெண்டு ஒரு பழைய கதை. இங்கிலாந்துக்காரர் மாட்டுச் சாணத்திலயிருந்து பேர் வைச்சிருக்கினம், அந்த மேய்ச்சல் தரையில முளைக்கிறபடியால்.

மகனுக்கு சளி இறுகி இருமல் விடாமல் இருந்த நேரம், பக்கத்து வீட்டு அம்மா இதின்ர வேரைப் பற்றிச் சொன்னவ. நான் முதலில நம்பேல்லை. பிறகு மருந்துக்கடையில கேட்டால், தைம் இலையோட இந்த வேர்ச் சாறு சேர்ந்த இருமல் மருந்து அங்கயே இருக்குது. வேரில சபோனின் எண்ட நுரைக்கிற பொருள் இருக்கு, அதுதான் சளியை இளக்கி வெளியில கொண்டுவரும். எங்கட அம்மம்மா ஆடாதோடை அவிச்சுத் தந்த ஞாபகம் வந்தது. ஆனால் வயிற்றுப்புண் உள்ளவை, அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவை, கர்ப்பிணிகள் டொக்டரைக் கேளாமல் எடுக்க வேண்டாம். சிலருக்கு இந்தக் குடும்பத்துச் செடிகளைத் தொட்டாலே தோல் கடிக்கும். காட்டில போய்க் கிண்டவும் வேண்டாம், இங்கயும் பாதுகாக்கப்பட்ட செடி.

தார்த்து, எஸ்டோனியா

முதல் பதிவின் கேள்விக்கு வருகிறேன் ஐயா. நோயும் இல்லை, வேறு இனமும் இல்லை. கவுஸ்லிப்பில் இரண்டு வகைச் செடி உண்டு. ஒன்றில் சூல்தண்டு நீளம், அதன் தலையான சூல்முடிதான் உங்கள் மகள் பார்த்த பச்சை மணி. மகரந்தப்பைகள் குழாயின் பாதியில் ஒளிந்திருக்கும். மற்றதில் நேர்மாறு: மகரந்தப்பைகள் வாயில், சூல்தண்டு உள்ளே குட்டையாக. நீண்ட நாக்கு உள்ள வண்டோ தேனீயோ உள்ளே தலையை விடும்போது, ஒரு வகையின் மகரந்தம் நாக்கில் எந்த உயரத்தில் ஒட்டுகிறதோ, அதே உயரத்தில்தான் மற்ற வகையின் சூல்முடி இருக்கும். தன் வகைக்குள்ளேயே கலந்தால் விதை குறைவு. டார்வின் இதற்காகவே 522 செடிகளை எண்ணினார்: நீளம் 241, குட்டை 281. 1862இல் கட்டுரையாக வெளியிட்டார்.

நான் இங்கே படிக்க வந்த 2019 வசந்தத்தில், எங்கள் பல்கலைக்கழகம் நாட்டு மக்களையே இந்தப் பூவை எண்ணச் சொன்னது. புல்வெளிகள் துண்டு துண்டானால் இரண்டு வகையின் சமநிலையும் குலையுமா என்று பார்க்கத்தான். நானும் ஒரு புல்வெளியில் மண்டியிட்டு எண்ணினேன். இந்த நாட்டில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

சர்ரே, இங்கிலாந்து

எல்லோருக்கும் நன்றி. தார்த்து தம்பிக்குத் தனியாக.

தேடிப் பார்த்ததில் இங்கே நீள வகைக்கு 'பின்', குட்டை வகைக்கு 'த்ரம்' என்று பெயராம். முதலாவது குண்டூசி. இரண்டாவதற்கு அர்த்தம் பார்த்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தறியில் துணியை அறுத்தெடுத்த பிறகு மிஞ்சுகிற பாவு நூல் நுனி! என் தாத்தா காஞ்சிபுரத்தில் நெசவாளி. அந்த மிச்ச நூலைக் கொத்தாக முடிந்து எனக்கு விளையாடத் தருவார். வாயில் ஐந்து முனை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பூவைப் பார்த்தால் அதேதான்.

இன்று மறுபடியும் போனோம். மகள் நோட்டில் இரண்டு கட்டம் போட்டு எண்ணினாள். ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு பூ, பறிக்காமல், விரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டு விட்டாள். குண்டூசி 23, நூல் 19. மழை வந்துவிட்டது. மேல்பக்கச் சரிவு இன்னும் பாக்கி இருக்கிறது, அடுத்த ஞாயிறு போகிறோம்.